பல பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் சந்தை மதிப்பு

சந்தை மதிப்பு அல்லது சந்தை மூலதனம் என்பது ஒரு நிறுவனம் வெளியிட்டுள்ள எல்லாப் பங்குகளுக்கும் சந்தை அந்நேரத்தில் வைக்கும் மொத்த விலை ஆகும். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி இது கணக்கிடப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் பங்கு மும்பையில் இரண்டு சந்தைகளிலும் நியூயார்க்கில் மற்றொரு சந்தையிலும் விற்கப்படும்போது எந்த விலையை எடுப்பது, சந்தைகளின் மதிப்புகளைக் கூட்ட வேண்டுமா என்ற கேள்விகள் எழுகின்றன. சுருக்கமான விடை இது: கூட்ட வேண்டியவை தனித்தனிப் பங்குத் தொகுதிகளே, சந்தைகளை அல்ல. ஒரே பங்கு எத்தனை சந்தைகளில் விலை போனாலும் அது ஒரு முறைதான் எண்ணப்படும்.

## அடிப்படைக் கணக்கு

சந்தை மதிப்பு = ஒரு பங்கின் விலை × வெளியிடப்பட்ட மொத்தப் பங்குகள்

இதில் பங்குகளின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு உரியது. சந்தைக்கு உரியது அல்ல. அந்த எண்ணிக்கை நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டிலிருந்து வருகிறது. நிறுவனர்களிடம் உள்ள பங்குகள், பரஸ்பர நிதிகளிடம் உள்ளவை, சிறு முதலீட்டாளர்களிடம் உள்ளவை, ஆண்டுக்கணக்கில் விற்கப்படாமல் கிடப்பவை எல்லாம் இதில் அடங்கும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தில் இடம் இருந்தும் இன்னும் வெளியிடப்படாத பங்குகள் இதில் சேராது.

விலை மட்டுமே சந்தையிலிருந்து வருகிறது. கடைசியாகக் கைமாறிய சில பங்குகளின் விலை, கைமாறாத எல்லாப் பங்குகளுக்கும் பொருத்தப்படுகிறது. சந்தை மதிப்பின் எளிமையும் பலவீனமும் இதிலேயே இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் 10 கோடி பங்குகளை வெளியிட்டுள்ளது என்று கொள்வோம். ஒரு நாளின் முடிவில் தேசிய பங்குச் சந்தையில் (என்.எஸ்.இ.) அதன் விலை 250.40 ரூபாய், மும்பை பங்குச் சந்தையில் (பி.எஸ்.இ.) 250.30 ரூபாய்.

- என்.எஸ்.இ. விலைப்படி மதிப்பு: 2,504 கோடி ரூபாய்
- பி.எஸ்.இ. விலைப்படி மதிப்பு: 2,503 கோடி ரூபாய்

இவை ஒரே பொருளின் இரண்டு அளவீடுகள். இரண்டையும் கூட்டி 5,007 கோடி என்று சொல்வது தவறு. என்.எஸ்.இ.யில் அன்று 9 லட்சம் பங்குகளும் பி.எஸ்.இ.யில் 1 லட்சம் பங்குகளும் கைமாறின என்பதாலும் கணக்கு மாறாது. கைமாறிய அளவு வணிகத்தின் சுறுசுறுப்பைக் காட்டும். மதிப்புக் கணக்கில் அது நுழைவதில்லை.

## ஏன் இரட்டிப்பாவதில்லை?

பங்குகளில் ஒரு பகுதி ஒரு சந்தைக்கும் மறு பகுதி இன்னொரு சந்தைக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது என்ற எண்ணத்திலிருந்தே இந்தக் குழப்பம் பிறக்கிறது. நடைமுறையில் அப்படி ஒரு பிரிவினை இல்லை. ஒரு மனையை விற்க இரண்டு தரகர்களிடம் சொல்லி வைத்தால் மனை இரண்டாகிவிடாது. வாங்குபவர் வரும் வழிதான் இரண்டாகிறது. பட்டியலிடலும் அவ்வாறே.

இந்தியாவில் பங்குகள் டீமேட் கணக்குகளில் மின்னணுப் பதிவாக உள்ளன. இப்பதிவுகளை என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய இரு வைப்பகங்கள் பராமரிக்கின்றன. ஒவ்வொரு பங்கு வகைக்கும் ஐசின் எனப்படும் 12 இலக்க அடையாளக் குறி உண்டு. என்.எஸ்.இ.யில் வாங்கினாலும் பி.எஸ்.இ.யில் வாங்கினாலும் ஐசின் ஒன்றே. ஒரு சந்தையில் வாங்கிய பங்கு கணக்கில் வந்து சேர்ந்தபின் அதை மற்றச் சந்தையில் விற்கலாம். இப்படி ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கும் தன்மையே பல சந்தை மதிப்பீட்டைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் என்.எஸ்.இ.யில் வணிகம் முற்பகலில் நின்று மாலை 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நேரத்தில் பி.எஸ்.இ. இயங்கிக்கொண்டிருந்தது. நாட்டின் பெரிய சந்தை பல மணி நேரம் நின்றபோதும் எந்த நிறுவனத்தின் மதிப்பும் பாதியாகிவிடவில்லை. பங்குகள் உரியவர்களின் கணக்கில் அப்படியே இருந்தன; விலை சொல்லும் வாய்களில் ஒன்று மட்டுமே மூடியிருந்தது.

நாட்டின் மொத்தச் சந்தை மதிப்புக்கும் இதே விதி பொருந்தும். இரு சந்தைகளும் தங்களிடம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்த மதிப்பைத் தனித்தனியே வெளியிடுகின்றன. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டிலும் இருப்பதால் அவ்விரு தொகைகளையும் கூட்டினால் ஏறக்குறைய எல்லாமே இரு முறை எண்ணப்பட்டுவிடும்.

## விலைகளை நெருக்கி வைப்பது எது?

இரண்டு சந்தைகளுக்கும் தனித்தனி வாங்குவோர், விற்போர் பட்டியல்கள் உள்ளன. ஆகவே விலை சில காசுகள் வேறுபடுவது இயல்பு. ஆனால் வேறுபாடு பெருகினால், விலை குறைந்த சந்தையில் வாங்கி விலை கூடிய சந்தையில் விற்று இடை லாபம் பார்க்க வணிகர்கள் முந்துவார்கள். இது ஆர்பிட்ராஜ் எனப்படும். அவர்கள் வாங்குவதால் குறைந்த விலை ஏறுகிறது; விற்பதால் கூடிய விலை இறங்குகிறது. தரகும் வரியும் போக மிச்சம் இல்லை என்னும் நிலை வரும்வரை இது நடக்கும். இன்று கணினிகள் இந்த வேலையை நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்கின்றன.

எப்போதும் நிலை இப்படி இருந்ததில்லை. மும்பை பங்குச் சந்தை 1875-இல் தொடங்கியது. பின்னர் கல்கத்தா, அகமதாபாத், சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட பல நகரங்களில் வட்டாரச் சந்தைகள் தோன்றின. பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்த காலத்தில் ஒரே நிறுவனத்தின் பங்கு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு விலைக்குப் போகும். ஒரு நகரத்து விலை மற்ற நகரத்துக்குத் தெரிய நேரம் பிடிக்கும். சான்றிதழை அனுப்பிப் பெயர் மாற்றுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். 1994-இல் என்.எஸ்.இ. நாடு முழுவதையும் இணைக்கும் கணினித் திரை வழி பங்கு வணிகத்தைத் தொடங்கியது. 1996-இல் வைப்பகச் சட்டம் வந்து பங்குகள் மின்னணு வடிவுக்கு மாறத் தொடங்கின. ஊருக்கு ஒரு விலை மறைந்தது. வட்டாரச் சந்தைகளின் தேவையும் மங்கியது. சென்னை பங்குச் சந்தை 2015-இல் செபியின் ஒப்புதலுடன் பங்குச் சந்தை என்ற தகுதியிலிருந்து விலகியது. அங்குப் பட்டியலிடப்பட்டிருந்த நிறுவனங்களின் மதிப்பு இதனால் கரைந்துவிடவில்லை. மற்றச் சந்தைகளிலும் பட்டியலிடப்பட்டிருந்தவற்றின் விலை அங்கே தொடர்ந்து கிடைத்தது.

## எந்த விலையை எடுப்பது?

சில காசு வேறுபாட்டிலும் ஏதாவது ஒரு விலையைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். இதற்கு மூன்று வழக்கங்கள் உள்ளன.

1. முதன்மைச் சந்தையின் விலை. நிறுவனம் முதன்மையாகப் பட்டியலிடப்பட்ட சந்தையின் முடிவு விலையை எடுப்பது. அமெரிக்காவில் ஆப்பிள் பங்கு நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. ஆனால் அதே பங்கு நாள்தோறும் வேறு பல சந்தைகளிலும் கைமாறுகிறது. அதிகாரப்பூர்வ முடிவு விலையாக நாஸ்டாக்கின் முடிவு ஏலத்தில் கிடைக்கும் விலையே கொள்ளப்படுகிறது.

2. அந்தந்தச் சந்தையின் விலை. சென்செக்ஸ் குறியீடு பி.எஸ்.இ. விலையையும் நிஃப்டி குறியீடு என்.எஸ்.இ. விலையையும் பயன்படுத்துகின்றன.

3. சராசரி. பரஸ்பர நிதித் திட்டங்களை வகைப்படுத்த 2017 அக்டோபரில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை இந்த வழியைக் கைக்கொண்டது. ஒரு பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில் பட்டியலிடப்பட்டிருந்தால், அச்சந்தைகளில் கிடைக்கும் முழுச் சந்தை மதிப்புகளின் சராசரி எடுக்கப்படும்; ஒரே சந்தையில் மட்டும் இருந்தால் அந்தச் சந்தையின் மதிப்பே எடுக்கப்படும். இதன்படி முதல் 100 இடங்களில் உள்ளவை பெரு நிறுவனங்கள், 101 முதல் 250 வரை நடுத்தர நிறுவனங்கள், 251-இலிருந்து சிறு நிறுவனங்கள். இப்பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது.

செபி கூட்டுத்தொகையை அல்லாமல் சராசரியைத் தேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். கூட்டுத்தொகை எடுத்திருந்தால், இரு சந்தைகளில் உள்ள ஒரு நிறுவனம் அதே அளவுள்ள, ஒரே சந்தையில் உள்ள நிறுவனத்தைவிட இரு மடங்கு பெரியதாகத் தோன்றியிருக்கும். நூறாவது இடத்துக்கும் நூற்றோராவது இடத்துக்கும் இடையே நிற்கும் நிறுவனத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல. எந்த வகைப் பரஸ்பர நிதி அதைத் தன் முதன்மை முதலீடாகக் கொள்ளலாம் என்பதையே அந்த இடம் முடிவு செய்கிறது.

குறியீடுகளைப் பற்றி இன்னொரு குறிப்பு. சென்செக்ஸ் 2003 முதலும் நிஃப்டி 2009 முதலும் தடையின்றிச் சந்தையில் புழங்கக்கூடிய பங்குகளை மட்டும் கொண்டு எடை கணக்கிடுகின்றன. நிறுவனர்களின் பங்குகள் அதில் விலக்கப்படும். ஆகவே குறியீட்டில் காட்டப்படும் மதிப்பு, முழுச் சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருக்கும்.

## அயல்நாட்டுப் பட்டியலிடலும் வைப்பு ரசீதும்

இந்திய நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையில் நேரடியாகத் தம் பங்கைப் பட்டியலிடுவதில்லை. ஏ.டி.ஆர். எனப்படும் அமெரிக்க வைப்பு ரசீது வழியாகச் செல்கின்றன. பங்குகள் இந்தியாவில் உள்ள பாதுகாப்பு வங்கி ஒன்றிடம் வைக்கப்படும். அவற்றை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்காவில் ஒரு வங்கி டாலர் விலையில் ரசீதுகளை வெளியிடும். இன்ஃபோசிஸ் 1999-இல் நாஸ்டாக்கில் இவ்வாறு பட்டியலிடப்பட்டது. 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு மாறியது.

ஒரு ரசீதுக்கு எத்தனை பங்குகள் என்ற விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இன்ஃபோசிஸுக்கு ஒரு ரசீது ஒரு பங்கு, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கு ஒரு ரசீது இரண்டு பங்குகள், எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு மூன்று, தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்துக்கு ஐந்து, சீனாவின் அலிபாபாவுக்கு எட்டு. இந்த விகிதத்தை மறந்தால் கணக்கு பல மடங்கு பிழையாகிவிடும்.

ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். மொத்தப் பங்குகள் 100 கோடி. அவற்றில் 20 கோடி பாதுகாப்பு வங்கியிடம் உள்ளன. ஒரு ரசீதுக்கு இரண்டு பங்குகள் என்பதால் ரசீதுகள் 10 கோடி. இந்தியாவில் பங்கின் விலை 1,000 ரூபாய். நியூயார்க்கில் ரசீதின் விலை 25 டாலர். ஒரு டாலர் 80 ரூபாய்.

- ரசீதின் ரூபாய் விலை: 25 × 80 = 2,000. ஒரு பங்குக்கு 1,000 ரூபாய். இரு சந்தைகளும் ஒத்துப்போகின்றன.
- சரியான மதிப்பு: 100 கோடி × 1,000 = 1 லட்சம் கோடி ரூபாய், அதாவது 1,250 கோடி டாலர்.
- முதல் பிழை: 100 கோடி × 25 = 2,500 கோடி டாலர். விகிதத்தை விட்டுவிட்டதால் இரட்டிப்பு.
- இரண்டாம் பிழை: 1,250 கோடியுடன் ரசீதுகளின் மதிப்பான 250 கோடி டாலரைக் கூட்டி 1,500 கோடி என்பது. அந்த 20 கோடி பங்குகள் 100 கோடியில் ஏற்கெனவே அடங்கியுள்ளன.

முடிவு விலைகளை ஒப்பிடும்போது நேர வேறுபாட்டையும் கருத வேண்டும். இந்தியச் சந்தை மாலை 3.30 மணிக்கு முடிகிறது. நியூயார்க் சந்தை இந்திய நேரப்படி கோடையில் மாலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கும் தொடங்குகிறது. இடையில் வரும் செய்தி ரசீதின் விலையில் அன்றிரவே தெரியும். இந்திய விலையில் மறுநாள் காலையில்தான் தெரியும். இதனால் தோன்றும் வேறுபாடு உண்மையான விலை வேறுபாடு அல்ல.

லண்டன், ஹாங்காங் இரண்டிலும் பட்டியலிடப்பட்ட எச்.எஸ்.பி.சி. வங்கியின் பங்கை ஒரு பதிவேட்டிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே நாணயத்தை மாற்றிப் பார்த்தால் இரு விலைகளும் மிக நெருங்கி இருக்கும்.

## பாதை அடைபட்டால் விலை பிரிகிறது

மாற்றும் வழி அடைபட்டிருந்தால் ஆர்பிட்ராஜ் வேலை செய்யாது. இன்ஃபோசிஸின் ரசீது தொடக்க ஆண்டுகளில் இந்திய விலையைவிட மிகக் கூடுதலாக விற்றது. ரசீதைக் கொடுத்து இந்தியப் பங்கைப் பெறலாம்; இந்தியப் பங்கை வாங்கி ரசீதாக மாற்றும் வழி அன்று இல்லை. மலிவான இடத்தில் வாங்க முடிந்தாலும் அதை விலை கூடிய இடத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. 2002-இல் இந்திய ரிசர்வ் வங்கி வரம்புக்கு உட்பட்டு இருவழி மாற்றத்தை அனுமதித்தது. ஏற்கெனவே பங்காக மாற்றப்பட்ட ரசீதுகளின் அளவுக்கு மட்டும் புதிதாக ரசீது பெறலாம் என்பதே அந்த வரம்பு. டி.எஸ்.எம்.சி. ரசீது நியூயார்க்கில் தைவான் விலையைவிடக் கூடுதலாக விற்பதற்கும் மாற்றத்தில் உள்ள கட்டுப்பாடே முக்கியக் காரணம்.

மேலே பார்த்த கற்பனை நிறுவனத்தின் ரசீது 27.50 டாலருக்கு விற்றால் ஒரு பங்குக்கு 1,100 ரூபாய் ஆகிறது. அப்போது மூன்று மதிப்புகள் கிடைக்கும்: எல்லாவற்றுக்கும் உள்நாட்டு விலை என்றால் 1 லட்சம் கோடி, எல்லாவற்றுக்கும் அமெரிக்க விலை என்றால் 1.10 லட்சம் கோடி. 80 கோடிப் பங்குகளுக்கு உள்நாட்டு விலையும் 20 கோடிக்கு அமெரிக்க விலையும் என்றால் 1.02 லட்சம் கோடி ரூபாய். பெரும்பாலான பங்குகள் உள்நாட்டில் இருப்பதால் உள்நாட்டு விலையை எடுப்பதே பொது வழக்கம். ஆனால் டாலர் பட்டியல்களைத் தயாரிக்கும் இணையதளங்கள் சில ரசீதின் விலையை எடுக்கின்றன. ஒரே நாளில் ஒரே நிறுவனத்துக்கு இரு தளங்கள் இரு மதிப்புகளைக் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

## பெட்ரோசைனா: ஒரே நாளில் இரு மதிப்புகள்

சீனாவின் பல நிறுவனங்கள் இரு தொகுதிகளாகப் பங்குகளை வெளியிட்டுள்ளன. ஷாங்காய் அல்லது ஷென்சென் சந்தையில் யுவானில் விற்கப்படுபவை ஏ பங்குகள்; ஹாங்காங்கில் ஹாங்காங் டாலரில் விற்கப்படுபவை எச் பங்குகள். பங்காதாய உரிமை ஒன்றே. ஆனால் ஏ பங்கை எச் பங்காக மாற்றி விற்க முடியாது. சீனாவின் மூலதனக் கட்டுப்பாடுகளால் முதலீட்டாளர்களும் பிரிந்திருந்தனர். எனவே இரு விலைகளும் தனித்தனியே நகர்ந்தன.

எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனா ஏற்கெனவே ஹாங்காங்கிலும் நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டிருந்தது. 2007 நவம்பர் 5 அன்று ஷாங்காயிலும் வணிகத்துக்கு வந்தது. அங்கு 400 கோடி பங்குகள் தலா 16.70 யுவானுக்கு வெளியிடப்பட்டன. முதல் நாள் முடிவு விலை 43.96 யுவான். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 18,300 கோடி. இந்த விலையை எல்லாப் பங்குகளுக்கும் பொருத்தியபோது மதிப்பு 8 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது; டாலரில் 1 லட்சம் கோடிக்கு மேல். உலகின் முதல் ஒரு லட்சம் கோடி டாலர் நிறுவனம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அதே நாளில் ஹாங்காங்கில் எச் பங்கு ஏறத்தாழ 18 ஹாங்காங் டாலருக்கு விற்றது. அந்த விலையை எல்லாப் பங்குகளுக்கும் பொருத்தினால் மதிப்பு 40,000 கோடி டாலரைச் சற்றே தாண்டும். அன்று எக்ஸான்மொபிலின் மதிப்பு 50,000 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. ஷாங்காய் விலைப்படி பெட்ரோசைனா எக்ஸான்மொபிலைப் போல் இரு மடங்கு பெரியது. ஹாங்காங் விலைப்படி அதைவிடச் சிறியது. எண்ணெய்க் கிணறும் லாபமும் பங்குகளின் எண்ணிக்கையும் இரண்டு கணக்கிலும் ஒன்றே.

ஷாங்காயில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை மொத்தப் பங்குகளில் சுமார் 2 சதவீதம். ஹாங்காங்கில் உள்ளவை சுமார் 11.5 சதவீதம். மீதி முழுவதும் அரசுக்குச் சொந்தமான தாய் நிறுவனத்திடம் இருந்தது. அது விற்பனைக்கு வரவில்லை. இரு தொகுதிகளையும் அவற்றின் சொந்த விலையில் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினாலும் தொகை 1 லட்சம் கோடி டாலரை ஒட்டியே வரும். ஏனெனில் அரசிடம் உள்ள பங்குகள் ஏ பங்குகளாகவே எண்ணப்பட்டன. வேறு வழியில்லாத உள்நாட்டு முதலீட்டாளர்கள் முண்டியடித்து வாங்கிய 2 சதவீதப் பங்கின் விலை, விற்பனைக்கே வராத 86 சதவீதத்துக்கும் விலையாகிவிட்டது.

2008 ஏப்ரலில் ஷாங்காய் விலை வெளியீட்டு விலையான 16.70 யுவானுக்கும் கீழே இறங்கியது. முதல் நாள் விலையில் வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குள் முதலில் அறுபது சதவீதத்துக்கும் மேல் இழந்திருந்தனர். தலைப்புச் செய்தியின் பெரிய எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு, மற்றச் சந்தையின் விலை அன்றே ஓர் எச்சரிக்கையாகக் கண்முன் இருந்தது.

2014 நவம்பரில் ஷாங்காய், ஹாங்காங் சந்தைகளை இணைக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஒரு சந்தையின் முதலீட்டாளர் மற்றச் சந்தையின் பங்கை வாங்க வழி பிறந்தது. ஆனால் ஏ பங்கும் எச் பங்கும் ஒன்றுக்கொன்று மாறுவதில்லை என்பதால் விலை வேறுபாடு நீங்கவில்லை. இந்த வேறுபாட்டை அளக்க ஹாங்காங்கில் 2007 முதல் தனிக் குறியீடே உள்ளது. அது 100-க்கு மேல் இருந்தால் ஏ பங்குகள் விலை கூடியவை என்று பொருள்.

## கூட்ட வேண்டிய இடங்கள்

சில அமைப்புகளில் கூட்டுவதே சரியான முறை. தனித்தனிப் பங்குத் தொகுதிகள் இருக்கும்போது இது நேர்கிறது.

பல வகைப் பங்குகள்: டாட்டா மோட்டார்ஸ் 2008-இல் குறைந்த வாக்குரிமையும் கூடுதல் பங்காதாயமும் கொண்ட தனி வகைப் பங்கை வெளியிட்டது. அது சாதாரணப் பங்கைவிடக் குறைந்த விலைக்கு விற்றது. 2024-இல் அவ்வகைப் பங்குகள் பத்துக்கு ஏழு சாதாரணப் பங்குகள் வீதம் கொடுத்து அது ரத்து செய்யப்பட்டது. அதுவரை நிறுவனத்தின் முழு மதிப்பை அறிய இரு வகைகளையும் அவற்றின் சொந்த விலையில் கணக்கிட்டுக் கூட்ட வேண்டியிருந்தது. கொழும்பு பங்குச் சந்தையில் இலங்கை கொமர்ஷல் வங்கியின் வாக்குரிமையுள்ள பங்கும் வாக்குரிமையற்ற பங்கும் தனித்தனி விலையில் விற்கப்படுகின்றன. அங்கும் இதே முறைதான்.

இரட்டை நிறுவன அமைப்பு: இரு நாடுகளில் சட்டப்படி தனித்தனியான இரு நிறுவனங்கள், ஒப்பந்தத்தின் வழியாக ஒரே நிறுவனம் போல் இயங்குவது இது. ரியோ டின்டோ 1995 முதல் லண்டனில் ஒன்றும் ஆஸ்திரேலியாவில் ஒன்றுமாக இப்படி இயங்குகிறது. இரண்டின் பங்குகளும் வெவ்வேறானவை; ஆகவே இரு மதிப்புகளையும் கூட்டினால்தான் முழு மதிப்பு கிடைக்கும். லண்டன் பங்கை மட்டும் கணக்கிட்டால் மதிப்பு குறைந்துபோகும். யூனிலீவர் 2020-இலும் பி.எச்.பி. 2022-இலும் இந்த அமைப்பைக் கைவிட்டு ஒரே நிறுவனமாயின.

இவ்வகையில் மிகவும் ஆராயப்பட்டது ராயல் டச்சு, ஷெல் இணை. 1907 ஒப்பந்தப்படி வருவாய் 60:40 என்று பிரிக்கப்பட்டது. எனவே ராயல் டச்சின் சந்தை மதிப்பு ஷெல்லின் மதிப்பைப் போல் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். ஆனால் இரு பங்குகளும் வெவ்வேறு சந்தைகளின் போக்கோடு சாய்ந்தன. சில காலங்களில் விலகல் 30 சதவீதத்தைத் தாண்டியது. லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதி நிறுவனம் இந்த விலகல் சுருங்கும் என்று நம்பிப் பெரும் பணம் போட்டிருந்தது. 1998-இல் விலகல் சுருங்காமல் விரிந்தது. அந்நிறுவனத்தின் பெரு நட்டங்களுள் இதுவும் ஒன்றானது. ஒரு பங்கை மற்றதாக மாற்ற வழியில்லாதபோது, விலைகள் சேர்ந்தே தீரும் நாள் என்று ஒன்று இல்லை. 2005-இல் இரு நிறுவனங்களும் ஒன்றாக்கப்பட்ட பின்னரே இந்தச் சிக்கல் முடிவுக்கு வந்தது.

## கணக்கிடும் வரிசை

பல சந்தைகளில் உள்ள ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. நிறுவனத்துக்கு எத்தனை பங்குத் தொகுதிகள் உள்ளன என்று பார்க்கவும். ஐசின் குறி ஒன்றாக இருந்தால் தொகுதி ஒன்றே. ஏ.டி.ஆர். ரசீதுக்குத் தனி ஐசின் இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே உள்ள பங்கின் நிழல் என்பதால் தனித் தொகுதி ஆகாது.
2. ஒவ்வொரு தொகுதியிலும் வெளியிடப்பட்ட மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை நிறுவனத்தின் அண்மைய அறிக்கையிலிருந்து எடுக்கவும். போனஸ் வெளியீடு, பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் புதிய எண்ணிக்கையை எடுக்க வேண்டும்.
3. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விலையை மட்டும் தேர்ந்தெடுக்கவும்: முதன்மைச் சந்தையின் விலை அல்லது சந்தைகளின் சராசரி.
4. ரசீதின் விலையைப் பயன்படுத்தினால் முதலில் விகிதத்தால் வகுக்கவும். பிறகு அதே நாளின் நாணய மாற்று வீதத்தால் மாற்றவும்.
5. தொகுதிகளின் மதிப்புகளைக் கூட்டவும்.
6. சந்தைகளுக்கிடையே விலை பெரிதும் வேறுபட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பங்கை மாற்ற முடியுமா என்று பார்க்கவும். முடியாது என்றால், கிடைத்த எண் எந்தச் சந்தையின் விலையைச் சார்ந்தது என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.